கோயமுத்தூருக்குள்ள கால் வெக்காம

எங்க மாமாவுக்குக் கோயமுத்தூர் உக்கடத்தைக் கண்டாலே ஆகாது. மேம்பால வேலைக்காக அங்கே தோண்டிப் போட்டிருந்த காலத்துல, ஒரு முகூர்த்த நாளன்னிக்கு ஆத்துப்பாலத்துகிட்ட மாட்டிக்கிட்டார். மண்டபம் போய்ச் சேர்ந்தப்போ பந்தி முடிஞ்சு இலை எடுத்துட்டு இருந்தாங்க. மொய் மட்டும் எழுதிட்டுப் பசியோட வந்தார். அந்த மேம்பாலத்தை 2024லயே திறந்தாச்சு. மாமா மனசுக்குள்ள மட்டும் இன்னும் வேலை நடந்துட்டுத்தான் இருக்கு.

மைசூர்ல அவர் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம் வெள்ளிக்கிழமை. நாங்க நெகமத்துல இருந்து வியாழன் காலையில கிளம்பறதா பேச்சு. பொள்ளாச்சி அக்காவும் மச்சானும் கோயமுத்தூர் வழியாவே வர்றோம்னு சொல்லி, விடியக்காலம் நாலரைக்கே வண்டியை எடுத்துட்டாங்க.

"பாவம், உக்கடத்துலயே பொழுது போயிரும். கோயமுத்தூருக்குள்ள கால் வெக்காம உன்னையக் கூட்டிட்டுப் போறேன் பாரு மாப்ளே" என்றார் மாமா. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் பின்னாடி வழியை எழுதியே வெச்சிருந்தார்: பல்லடம், மங்கலம், அவினாசி, சேவூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம். அந்தத் தாளோட முன்பக்கத்தை யாராவது பார்த்திருக்கலாம்.

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. அத்தை புளிச்சோறு கட்டி, சீர்த் தட்டை எடுத்து வெச்சு, கேஸை மூடினமான்னு ரெண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்த்ததுல ஏழேகால் ஆயிருச்சு.

காமநாயக்கன்பாளையம் தாண்டற வரைக்கும் சொகமான பயணம். தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, காத்தாடி. மங்கலத்துல பிடிச்சுது சனி. பனியன் கம்பெனிக்கு ஆள் ஏத்திட்டுப் போற வேன் அத்தனையும் ஒரே நேரத்துல ரோட்டுல. நடுவுல தறிக்குப் பாவு பீம் ஏத்தின டெம்போ ஒண்ணு, அசையாம.

"இது டவுன் டிராபிக் இல்ல மாப்ளே, கம்பெனி டிராபிக். எட்டரை ஆனா சரியாப் போயிரும்" என்றவர், எட்டரை வரைக்கும் பொறுக்காம "இக்கட்டத் திருப்பு" என்றார். திருப்பினேன். தார் ரோடு மண் தடமாச்சு, மண் தடம் இட்டேரியாச்சு. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி காரைக் கீற, எதிர்ல ஒரு நாய் நடுத் தடத்துல படுத்துட்டு எங்களைப் பார்த்துது. அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ்ல வந்தோம்.

அவினாசி, சேவூர் எல்லாம் கடந்து புளியம்பட்டியை நெருங்கறப்போ மணி பத்து. முன்னாடி போன மினி லாரி நின்னுது. அதுல இருந்த எருமை எங்களைப் பார்த்து அசை போட்டுது. பின்னாடி ஒரு டெம்போ வந்து ஒட்டிக்கிச்சு, அதுல ஒரு பத்துப் பன்னெண்டு ஆடு. காருக்குப் பக்கத்துலயே ஒருத்தர் ரெண்டு மாட்டைப் பிடிச்சுட்டு எங்களைவிட வெசயா நடந்து போனார்.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?" அத்தைதான் கேட்டாங்க.

மாமா காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பேசவே இல்லை.

புளியம்பட்டிச் சந்தை வியாழக்கிழமைன்னு கொங்குநாட்டுல பொறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கோயமுத்தூர்ல இருந்து சத்திக்குப் போற ரோடும் இந்த ஊர் வழிதான். மச்சானும் இதே இடத்தைத்தான் தாண்டியாகணும். அவர் ஆறரைக்கே தாண்டிட்டார்.

"எறங்கி வழி பண்ணி உடறேன்"னு துண்டைத் தோள்ல போட்டுட்டுப் போனவரை முக்கால் மணி நேரமாக் காணோம். போன் சீட்டுலயே கெடக்குது. வண்டியை ஓரங்கட்டிட்டுத் தேடிப் போனா, சந்தைக்குள்ள ஒரு தரகரோட நிக்கறார். அதே துண்டுக்கு அடியில ரெண்டு பேர் கையும். விரலைப் பிடிச்சு விலை பேசிட்டு இருக்கார்! பக்கத்துல செவலை மாடு ஒண்ணு கன்னோட.

"மாமா, வழி?"

"இரு மாப்ளே. நாளைக்குக் கிரகப்பிரவேசத்துல மாடும் கன்னும் உள்ள போகணுமில்ல? மைசூர்ல நல்ல மாடு எங்க கிடைக்கும்?"

"மாட்டை எங்க ஏத்தறது?"

"மாட்டைப் பொறகால பார்த்துக்கலாம். கன்னு பின்சீட்டுல நிக்கும்."

பின்சீட்டுல இருக்கறது அத்தைன்னு ஞாபகப்படுத்தினேன். அதுக்குள்ள அத்தையே வந்துட்டாங்க. "ஏனுங்க" என்றாங்க, அவ்வளவுதான். துண்டுக்கு அடியில இருந்து கை தானா வெளிய வந்துருச்சு.

அப்புறம் திம்பம் மலை ரோட்டுல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுல ஒண்ணுல லாரி சிக்கி நின்னதும், வரிசையில நின்னுட்டே புளிச்சோறு தின்னதும், ராத்திரி ஒம்பதுக்குக் காட்டுச் செக்போஸ்ட்டை மூடிருவாங்கன்னு பட்டப்பகல்லயே அத்தை புலம்பினதும் தனிக்கதை.

மைசூர் போய்ச் சேர்ந்தப்போ மணி நாலு. பத்தரைக்கே வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்ச மச்சான் வாசல்ல நின்னார். மாமா செருப்பைக்கூடக் கழட்டலை.

"உக்கடத்துல எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"பாலத்து மேல சல்லுனு வந்துட்டமுங்க மாமா. காந்திபுரத்துகிட்ட மட்டும் ஒரே ஒரு சிக்னல்ல நின்னமுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தியா மாப்ளே, நின்னிருக்காங்க!"