கப்பல் வரும் வரை

காலையில் காபி ஆறுவதற்குள், எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைச் செல்போனில் பார்த்துவிடுவேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்ட மாலுமிகளுக்காக வழக்காடும் வக்கீல் நான். அந்த வரைபடத்தில் சரக்குக் கப்பல்கள் பச்சை, டேங்கர்கள் சிவப்பு. 2018 ஆகஸ்டிலிருந்து பத்து மாதம் ஒரே ஒரு பச்சைப் புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கப்பலில் ஏ.பி.யாக, அதாவது டெக்கில் வேலை செய்யும் தேர்ந்த மாலுமியாக இருந்தவர் தூத்துக்குடிக்காரர், 26 வயது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைத்துக் கட்டும்போது மூரிங் கயிறு அறுந்தது. விறைத்து நிற்கும் அந்தக் கயிறு அறுந்தால் ரப்பர் மாதிரி திருப்பி அடிக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "விழுந்தப்புறந்தான் மேடம் சத்தமே கேட்டுச்சு" என்றார். தம்பு செட்டித் தெருவில் என் ஆபீஸ் மாடியில். அவரால் படி ஏற முடியவில்லை. கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். மடித்துவிட்ட பேன்ட் நுனியில் இரண்டு சேஃப்டி பின். அம்மா குத்திவிட்டது.

யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்: "எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா தம்பி?"

ஏஜென்ட் ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். ஒரு தொகை, அதன் கீழே, இனி எந்தப் பாக்கியும் கேட்க மாட்டேன் என்று ஒரு வரி. தம்பியின் அம்மா அதை வாங்கி, கையெழுத்தாகாமலே அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாராம். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழக்கைக் காப்பாற்றியது அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலி மருந்து மயக்கத்தில் கிடப்பவரிடம் பேனாவை நீட்டுகிறார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2015-ல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, அடிபட்டவருக்குக் குறைந்தது 16 வாரம் சம்பளம் உண்டு. 17-வது வாரம் அவருக்குப் பணம் நின்றது. முதலாளி ஒரு நாட்டில், கப்பலின் கொடி இன்னொரு நாட்டுடையது. யார் மேல் வழக்குப் போடுவது? கப்பல் மேலேயே போடலாம். அட்மிரால்டி வழக்கில், அதாவது கடல் விவகார வழக்கில், கப்பல்தான் பிரதிவாதி. 2018 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் மாலுமிகளின் சம்பளப் பாக்கிக்கு முதல் இடம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அடுத்த இடம். கப்பல் கைமாறினாலும் இந்த உரிமை கூடவே போகும். ஆனால் காயத்துக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அதற்குள் கப்பல் நம் கடலுக்குள் வந்தால்தான் கோர்ட் அதைப் பிடித்து வைக்க முடியும்.

மூன்று தடவை கொழும்பு வரை வந்து திரும்பிவிட்டது. ஒரு தடவை கொச்சிப் பக்கம் திரும்பியது. எர்ணாகுளத்து வக்கீல் ஒருவரைப் பிடித்து மனுவெல்லாம் தயார் பண்ணினோம். நிற்காமல் வளைகுடாவுக்குப் போய்விட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் எவ்வளவு கேட்பது என்று கணக்குப் போட்டேன். அவர் காலுக்கு, அப்போதிருந்த 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, சம்பாதிக்கும் திறனில் 50 சதவீதம் இழப்பு என்றது. இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்பார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்றது கோர்ட். ஒற்றைக் காலோடு கப்பலில் யார் வேலை கொடுப்பார்கள்? நானும் 100 என்றே எழுதினேன்.

2019 ஜூனில் ஒரு காலை, அந்தப் பச்சைப் புள்ளி சென்னைக்கு நேரே இருந்தது. பத்தரைக்கு நீதிபதி முன் நின்றேன். மாலையில் கப்பலைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஆர்டர் கையில். அமீனா கேங்வே ஏணியில் ஏறிப்போய் வார்ன்ட்டை, கப்பலை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கண்ணாடியில் ஒட்டினார். கடல் காற்றில் காகிதம் படபடத்தது. பசை பிடிக்கும் வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே நின்றார்.

அன்றிரவு தம்பிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "உள்ள இருக்கற பசங்க? சைன் ஆஃப் ஆகி ஊருக்குப் போறவங்க மாட்டிக்கிடுவாங்களா மேடம்?"

"பணம் கட்டினதும் விட்டுருவாங்க தம்பி."

ஆறாம் நாள் இன்சூரன்ஸ்காரர்கள் முழுத் தொகைக்கும் கோர்ட்டில் பிணையம் கட்டினார்கள். கப்பல் விடுபட்ட செய்தியைச் சொல்ல அவரைக் கூப்பிட்டேன்.

"கிளம்பிருச்சு மேடம், பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார். "பத்து மாசமா நானும் தெனம் பாக்கேன்."