63 புள்ளிக்குப் பிறகு

இலங்கையில், எங்கள் ஊரில், உயர்தரச் சோதனையில் 63 எடுத்தால் அது ஒரு சி. 35 எடுத்தாலே எஸ் என்று போட்டுச் சித்தி, அதாவது தேர்ச்சி, என்பார்கள். ரொறன்ரோவில் நான் படித்த தாதியர் பாடநெறியில் 65க்கு ஒரு புள்ளி குறைந்தாலும் அந்தப் பாடம் போச்சு. மருந்தியலில் முதல் தடவை எனக்கு 58, இரண்டாம் தடவை 63. ஒரே பாடத்தை இரண்டு தடவை கோட்டைவிட்டால் படிப்பிலிருந்தே விலக வேண்டும் என்பது, முதல் நாளே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்ட விதி. 2024 ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மார்க்கம் வீதி பஸ்ஸில் நின்றபடி கைபேசியில் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போன பிறகுதான் இறங்க வேண்டும் என்ற நினைப்பே வந்தது.

இவருக்கு அன்றிரவே சொன்னேன். இரவு வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவர், ஒன்றைக் கழற்றிவிட்டு, "சரி, முதல்ல சாப்பிடு" என்றார். அம்மாவுக்குச் சொல்லத்தான் மூன்று கிழமை எடுத்தது. வல்லிபுரக் கோயிலில் கண்ட சனத்துக்கெல்லாம் "மகள் கனடாவில நேர்சுக்குப் படிக்கிறாள்" என்று அம்மா சொல்லி முடித்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அந்த மூன்று கிழமையும் ஞாயிற்றுக்கிழமைகளில் "சோதினை எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்க, "இன்னும் மறுமொழி வரேல்லை அம்மா" என்று சொன்னேன். முப்பது வயதில், வீட்டு வாடகை கட்டுகிற ஒரு மனுசி, பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மறுமொழித் தாளை ஒளித்தேன்.

ஊரில் "நேர்ஸ்" என்றால் ஒரே சொல். இங்கே அது மூன்று படி. மேல் படியான ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) ஆக வேண்டுமென்றால் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2005இலிருந்து நான்கு வருடப் பட்டம் வேண்டும். அடுத்த படியான ஆர்.பி.என். என்பது கல்லூரி டிப்ளோமா, நான் போனது அதற்கு. முடித்த பிறகு ரெக்ஸ்-பி.என். என்ற சோதனை இருக்கிறது. நீங்கள் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை எடுத்துத் தருவது கணினி. பி.எஸ்.டபிள்யு. என்பது முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுத்துப் பராமரிக்கும் வேலை. எங்கள் சனம் மூன்றையும் நேர்ஸ் என்றுதான் சொல்லும். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, பிறகு கழுத்தைப் பிடிக்கிற கயிறாகவும் இருந்தது.

ஏன் விட்டேன் என்று கேட்டால், நேரமில்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்யுமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றினேன். மருத்துவமனைப் பயிற்சிக்குக் காலை ஆறே முக்காலுக்கு நிற்க வேண்டும். 2023 ஜூலையில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்டு, பிறகு திறக்கப்படாமலே போனதோடு ரயிலுக்குப் பதில் பஸ் என்றாகிவிட்டது. பனிக்காலத்தில் நாலரைக்கு எழும்பினால்தான் சரிவரும். ஆனால் என்னோடு படித்த ஒரு பிலிப்பீன்ஸ் பெண் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு 80 எடுத்தாள். ஆகவே அந்தக் காரணத்தை நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வேன்.

உண்மையில் என்னை விழுத்தியது கேள்வியின் வடிவம். ஊரில் உயர்தர உயிரியலில் ஐந்து விடையில் ஒன்று சரி, மற்றவை பிழை. பாடமாக்கியவன் தப்புவான். இங்கே நான்கு விடையும் சரி. நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது: கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தலாம், ஒக்சிசன் கொடுக்கலாம், மருத்துவரைக் கூப்பிடலாம், இரத்த அழுத்தம் பார்க்கலாம். "முதலில் எதைச் செய்வீர்கள்?" நான் நான்கையும் செய்வேன், அம்மா, கொஞ்சம் பொறுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சுவேன். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம்.

மருந்துக் கணக்கு வேறு கதை. கணக்கு எனக்கு வரும். 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் இருக்கிறது, 400 மில்லிகிராம் கொடுக்க எத்தனை மில்லிலீற்றர்? எட்டு. நான் 8.0 என்று எழுதினேன். பிழை போட்டார்கள். புள்ளி மங்கி 80 என்று யாராவது வாசித்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும், ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் போடவே கூடாது. அதேபோல .5 என்று மொட்டையாக எழுதக் கூடாது, 0.5 என்றுதான் எழுத வேண்டும். அன்று ஆத்திரம் வந்தது. இப்போது யாராவது 8.0 எழுதினால் எனக்குத்தான் முதலில் கண்ணைக் குத்துகிறது.

விலகச் சொன்ன கடிதம் வந்த கிழமையில் ஆலோசனை சொல்லாத ஆள் இல்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் மட்டும் இரண்டு வீட்டு முகவர்கள், ஒரு காப்புறுதி முகவர், மூன்று அட்டை. "உமக்குக் கதைக்க வரும் தங்கச்சி, ரியல் எஸ்டேட் எடும்" என்றார் ஒருவர். எனக்குக் கதைக்க வராது. அன்று முழுக்க அவர்தான் கதைத்தார்.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்கு நோய், மரணம், அல்லது திருத்தியதில் பிழை என்று ஏதாவது காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு புள்ளிக் குறைவு மட்டும். ஒரு வருடம் பொறுத்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம், இடம் இருந்தால் எடுப்பார்கள். அதைத்தான் முதலில் முடிவாக வைத்திருந்தேன், ஏனென்றால் அம்மாவிடம் "கொஞ்சம் பிந்துது" என்று சொல்லிச் சமாளிக்க அது ஒன்றுதான் உதவும். காரணம் அதுதான் என்று தெரிந்ததும் அந்த முடிவில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

காசுக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். ஓசாப் என்ற அரசாங்க மாணவர் கடனில் என் தலையில் நின்றது 11,400 டொலர். படிப்பை விட்டால் ஆறு மாதம் தவணை கேட்க மாட்டார்கள். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரலிலிருந்து வட்டி இல்லை. ஒன்ராறியோவின் பங்குக்கு அந்த ஆறு மாதத்திலும் வட்டி ஏறும். தவணை கட்ட முடியாவிட்டால் வருமானத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது கல்லூரியின் நிதி உதவி மேசையில் இருந்த ஒரு பொடியனிடமிருந்து. பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகுதான் இரண்டு கிழமைக்குப் பின் முதல்முறையாக நித்திரை வந்தது. தோல்வியைவிட அது எத்தனை டொலர் என்று தெரியாததுதான் பயமாக இருந்திருக்கிறது.

பி.எஸ்.டபிள்யு. வேலையை உண்மையாகவே யோசித்தேன். வேலைக்குத் தட்டுப்பாடில்லை. கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் மணித்தியாலத்துக்குக் கூட்டிய 3 டொலரை 2022இல் நிரந்தரமாக்கியும் விட்டார்கள். எங்கள் மாடிக் கட்டிடத்தில் நான்கு அக்காமார் அந்த வேலைதான். ஒரு அக்கா நாளுக்கு ஐந்து வீடு பஸ்ஸில் ஏறி இறங்கிப் போகிறார். அவரிடம் கேட்டேன். "செய்யலாம். ஆனா நேர்ஸ் ஆகேலாமல் போச்சே எண்டு நினைச்சுக்கொண்டு செய்யாத. கிழவிகளுக்கு உடன விளங்கும்" என்றார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தண்டனையை ஏற்றுக்கொள்கிறவள் மாதிரி. அந்த வேலைக்கு அது மரியாதையில்லை.

மே மாதத்தில் ஒருநாள் கொப்பிகளைப் பெட்டியில் போட்டுக் கட்டும்போது, பயிற்சி ஆசிரியை எழுதித் தந்த மதிப்பீட்டுத் தாள்கள் கையில் அகப்பட்டன. இரண்டு தவணைக்கும் கிட்டத்தட்ட ஒரே வசனம்: தயார்படுத்தல் மிக நேர்த்தி, முடிவெடுக்கத் தாமதம். அப்போதெல்லாம் நான் பின்பாதியை மட்டும் வாசித்து அழுதிருக்கிறேன்.

அதோடு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. சத்திரசிகிச்சை விடுதியில் ஒரு தாதி காயம் கட்டும் பொதியைப் பிரித்தார். உள்ளே துணி இலேசாக ஈரம். தொடாமல் அப்படியே ஒதுக்கிவிட்டு, வேறொன்று எடுத்துவரச் சொல்லி என்னைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும், ஆகவே ஈரம் என்றால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. கீழே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலத் தொப்பி போட்ட நான்கு பேர் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, பட்டியலைப் பார்த்து எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. நான் தேவைக்கு அதிகமாக இரண்டு நிமிடம் அங்கே நின்றுவிட்டு வந்து ஏச்சு வாங்கினேன்.

அந்த வேலைக்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன். மருத்துவக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, கிருமிநீக்கம் செய்யும் தொழில்நுட்பவியலாளர். 2024 செப்ரெம்பரில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தாதியர் படிப்பில் எடுத்த உடற்கூற்றியலை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், ஒரு பாடக் காசு மிச்சம்.

கழுவும் அறையின் காற்றழுத்தம் பக்கத்து அறையைவிடக் குறைவாக இருக்கும், அழுக்குக் காற்று வெளியே போகாமலிருக்க. அடுக்கும் அறையில் அது தலைகீழ். கருவியின் பூட்டைத் திறந்து வைத்துத்தான் அவிக்க வேண்டும், மூடியிருந்தால் இடுக்கில் ஆவி போகாது. 132 பாகை செல்சியஸ் நீராவியில் நான்கு நிமிடம், அதற்குப் பிறகு காய்வதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம். காலையில் முதல் வேலையாக வெறும் இயந்திரத்தில் போவி-டிக் சோதனை வைப்போம். 1963இல் வந்த முறை, இன்னும் அதேதான். பொதிக்குள் வைத்த தாள் முழுக்க ஒரே கறுப்பாக மாறினால் காற்று முழுவதும் வெளியேறி ஆவி நடுவரை போயிருக்கிறது. நடுவில் வெளிறியிருந்தால் அன்று அந்த இயந்திரம் ஓடாது. இங்கே நான்கு விடை இல்லை. ஒழுங்கு ஒன்றுதான், அதில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படி இல்லை. எனக்கு அது நிம்மதி. மற்றவர்களுக்கு அலுப்படிக்கும் என்று தெரியும்.

குறையும் இருக்கிறது. சம்பளம் ஆர்.பி.என்.ஐ விடக் குறைவு. படிப்பு முடித்து ஒரு வருடமாகியும் நான் நிரந்தரமில்லை, கூப்பிட்டால் போகும் வேலை, பெரும்பாலும் இரவு. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சில நாட்களில் அது மனதில் தட்டும்.

அம்மாவுக்கு விளக்குவதுதான் மிஞ்சியது. மருந்தியல் விட்டதைக் கேட்டதும் அவர் அழவில்லை, "சரி விடு" என்றார், பிறகு இரண்டு ஞாயிறு அழைப்பை எடுக்கவில்லை. புது வேலை கிடைத்த பிறகு, ஆவி, காற்று, பொதியை இறுக்கி அடுக்கக் கூடாது என்றெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நீத்துப்பெட்டியில புட்டு மாவை அமத்தினா நடு வேகாது. இதுக்கு ஒரு வருசம் படிச்சனியோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"அப்ப கோயில்ல சனம் கேட்டா நான் என்ன சொல்ல?"

"கத்தரிக்கோல் அவிக்கிறாள் எண்டு சொல்லுங்கோ."

சொல்லியிருக்கிறார் போல. போன கிழமை கொழும்பிலிருந்து மாமி எடுத்தார். எப்படி இருக்கிறாய், குளிர் எப்படி எல்லாம் கேட்டு முடித்து, குரலைத் தணித்து, "ஏதோ சாப்பாட்டுக் கடையில இரவு வேலையாமே பிள்ளை?" என்றார்.