பதினைந்து வேலை நாட்களும் ஒரு வேக்போர்டும்

மே 4, ஞாயிறு

வேக்போர்டில், அதாவது படகு கயிற்றால் இழுக்க, காலோடு பூட்டிய பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்குவதில், எழுந்து நிற்க ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் விழுந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் விழ வேண்டுமென்றால் முதலில் எழுந்திருக்க வேண்டுமே. நான் தண்ணீரிலிருந்து தண்ணீருக்குள்தான் போனேன்.

படகை ஓட்டுவது அத்தான். ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், கயிற்றில் வருபவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை சின்னவளுக்கு. பன்னிரண்டு வயதுக்கு மிஞ்சிய பொறுப்போடு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் நான் ஏன் கவிழ்ந்தேன் என்று ஒரு நோட்டில் குறித்திருக்கிறாள். கரையேறியதும் காட்டினாள்: கை. கை. அவசரம். மூக்கு. அவசரம். கை. தெரியவில்லை.

அந்த "மூக்கு" என்னுடையது அல்ல, பலகையுடையது. பலகையின் முனை தண்ணீருக்குள் குத்திவிட்டதாம். என் மூக்குக்குள் போன ஏரியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மே 5, திங்கள்

என் விண்ணப்பத்துக்குப் பதில் வரப் பதினைந்து வேலை நாட்கள். இன்று வேலை நாள் 1.

கையைத் தூக்க முடியவில்லை. அக்காதான் தலை வாரிவிட்டாள். கைப்பிடியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். முன்கை இரண்டும் கல்லாகக் கிடக்கின்றன. பேனா பிடிப்பதே வலிக்கிறது, இதோடு நிறுத்துகிறேன்.

மே 6, செவ்வாய்

வேலை நாள் 2. கூடத்துத் தரையில் பயிற்சி.

உட்கார்ந்து முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். குதிகால் பின்பக்கத்தைத் தொடுகிற அளவுக்குக் கால் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு கைகளும் முழங்கால்களுக்கு வெளியே, நீட்டியபடி. அக்கா எதிரே நின்று கைப்பிடியை இழுப்பாள். நான் எதுவும் செய்யக் கூடாது. செய்யாமல் இருந்தால் பாரம் தானாகப் பாதத்துக்கு வந்து, குந்தி உட்கார்ந்த நிலையில் மேலே வந்துவிடுவேன். கையை மடக்கி இழுத்தால் முதுகு தரையில் விழும். காலை நீட்டி உதைத்தால் அக்கா என்னை உட்கார்ந்த கோலத்திலேயே அலமாரி வரை இழுத்துப் போவாள். இரண்டையும் செய்து பார்த்தேன்.

நான்காவது தடவை எழுந்துவிட்டேன். தரையில் யார்தான் எழ மாட்டார்கள்?

எந்தக் கால் முன்னே என்பதும் முடிவாகிவிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றவளைச் சின்னவள் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். தடுமாறி முன்னே வைத்தது வலது கால். பெரும்பாலோர் இடது காலை முன்னே வைப்பார்களாம். வலது கால் முன்னே வருகிறவர்களுக்குக் 'கூஃபி' என்று பெயர். "சித்தி, நீங்கள் கூஃபி" என்று வீடு முழுக்க அறிவித்துவிட்டு வந்தாள்.

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேனா? முதல் மூன்று பக்கங்களில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது.

மே 8, வியாழன்

வேலை நாள் 4. "வேலை நாட்கள்" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் எதற்காகவும் காத்திருந்ததே இல்லை. சனியும் ஞாயிறும் எனக்கு மட்டும் நகராமல் நிற்கின்றனவா என்ன?

மே 9, வெள்ளி

வேலை நாள் 5. காலை ஆறு மணி. காற்றே இல்லை, ஏரி துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. அத்தானுக்கு இந்த நேரம்தான் பிடிக்கும். வேறு படகுகள் கலக்கிவிடுவதற்கு முன்.

பூட்ஸ் மாட்டுவதே ஒரு வேலை. ரப்பர் உள்ளே ஈரமாக, காலை நுழையவிடாமல் கவ்வும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, படகின் பின்தளத்தில் உட்கார்ந்து, குதிகால் உள்ளே "தபக்" என்று இறங்கும்வரை அமுக்க வேண்டும். இரண்டு கால்களும் 134 சென்டிமீட்டர் பலகையோடு பூட்டப்பட்ட பிறகு நடக்க முடியாது, நிற்கவும் முடியாது. தளத்தின் விளிம்பிலிருந்து மூட்டை மாதிரி உருண்டு விழுவது ஒன்றுதான் வழி.

பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெளியே சொல்லவில்லை, இங்கே எழுதலாம். லைஃப் ஜாக்கெட் தோளைத் தூக்கிப் பிடிக்க, மல்லாந்து மிதக்கிறேன். பலகை எனக்கும் படகுக்கும் குறுக்கே, அதன் ஒரு விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. படகு மெல்ல விலகுகிறது. கயிறு பாம்பாக நெளிந்து கிடக்கிறது. ஒவ்வொரு நெளிவாக நிமிர்கிறது. முழுவதும் நேரானதும் தண்ணீரை விட்டு மேலே வந்து சொட்டுகிறது. அந்தச் சொட்டுகள் வரிசையாக, ஒரே நேரத்தில் விழும். கைப்பிடி லேசாக என்னை இழுத்துப் பார்க்கிறது. சின்னவள் கட்டை விரலை உயர்த்துகிறாள்: தயாரா? நான் தலையாட்ட வேண்டும்.

தலையாட்டிவிட்டேன் என்றால் அடுத்த மூன்று நொடிகள் என்னுடையவை அல்ல. எஞ்சின் உறுமுகிறது. முகத்தில் தண்ணீர் அறைகிறது. உடம்பு முழுக்க ஒரே கட்டளை: எழு, எழு, எழு. எழப் பார்த்தேன். கவிழ்ந்தேன். ஐந்து முறை.

நோட்டு: அவசரம், அவசரம், அவசரம், கை, அவசரம்.

மே 10, சனி

இடது காதுக்குள் ஏரி. தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தும் வரவில்லை.

மே 11, ஞாயிறு

இன்று அத்தானோடு சண்டை. அவரோடு சண்டை போட முடியாது என்பதுதான் அவரிடம் உள்ள குறையே. நான் கத்தினேன், அவர் கேட்டுக்கொண்டார்.

கவிழ்ந்த பிறகும் கைப்பிடியை விடவில்லை நான். விட்டுவிடலாம் என்பதே தோன்றவில்லை. ஆறேழு மீட்டர் தண்ணீருக்கடியில் இழுபட்டிருப்பேன். கண் இமை உள்பக்கமாகத் திருப்பப்பட்ட மாதிரி இருந்தது. மேலே வந்து இருமி முடிப்பதற்குள் படகு வட்டமடித்து வந்துவிட்டது. முதலில் "கையை உயர்த்து" என்றார். நலமாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம்; தண்ணீரில் ஒரு தலை கிடக்கிறது என்று மற்றப் படகுகளுக்கும் தெரியும். உயர்த்தவில்லை. இவ்வளவு வேகமாக ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேகத்தைக் குறைத்தால் இன்னும் கஷ்டம். பலகை தண்ணீர் மேல் ஏறவே ஏறாது. உள்ளேயே கிடந்து உழும்."

உழும். சரியான சொல்தான். நான் காலை நீட்டியதும் பலகை ஏர்க்கொழு மாதிரி இறங்கிவிடுகிறது. பிறகு இழுப்பது என்னை அல்ல, ஏரியை. மடங்கிய காலோடு இருந்தால் பலகை சாய்ந்திருக்கும், தண்ணீர் அடியில் நழுவி ஓடும், பலகை மேலே வரும். புரிகிறது. புரிவதில் எனக்கு எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை.

"கயிறு கைவிட்டுப் போனால் திரும்பி வந்து தருவேன். கையில் மட்டும் எப்போதும் சுற்றிக்கொள்ளாதே" என்றார். இன்றைக்கு அவர் சொன்னதில் இதுதான் கொஞ்சம் கடுமை.

மே 12, திங்கள்

வேலை நாள் 6. பாதி கூட ஆகவில்லை.

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் தண்ணீர்மேல் சறுக்க முயன்றிருக்கிறான். முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தான், மூழ்கினான். பிறகு பனிச்சறுக்குக் கட்டைகள், அவையும் மூழ்கின. கடைசியில் பைன் பலகைகள் வாங்கி, அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் முனைகளை வேகவைத்து வளைத்தான். ஜன்னல் கயிறுதான் இழுகயிறு. படகு ஓட்டியது அண்ணன் பென். பல நாள் கவிழ்ந்து, ஜூலை 2ஆம் தேதி எழுந்து நின்றான். அடுத்த நாள் அவனுக்குப் பத்தொன்பது முடிகிறது. பலகையின் முனைகளை மேலே தூக்கிவைத்து, பின்னால் சாய்ந்து பார்த்தானாம், அவ்வளவுதான். சொல்லித் தர ஆளில்லாதவனுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு மூன்று பேர் சொல்லித் தருகிறார்கள்.

அந்த அம்மா பாத்திரத்தைப் பற்றி என்ன சொன்னாள் என்று எங்கும் இல்லை.

இன்னொன்று: 1980களின் நடுவில் வந்த முதல் வேக்போர்டுப் பலகைகள் குறுகலாக, மிதப்பு அதிகமாக இருந்தனவாம். தண்ணீருக்குள் அமுக்கிவைக்கவே பலம் வேண்டும். ஆகவே ஆழத்திலிருந்து எழுவது பயில்வான்களுக்கு மட்டும். 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் மிதக்கவும் அடம்பிடிக்காத, மூழ்கவும் அடம்பிடிக்காத பலகையைச் செய்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி திறந்தது. ஆக, பலகைமீது பழி போடும் வாய்ப்பும் போயிற்று.

மே 14, புதன்

வேலை நாள் 8. மின்னஞ்சல் வந்தது. வங்கியிலிருந்து.

மே 16, வெள்ளி

வேலை நாள் 10. அத்தான் கயிற்றைச் சுருக்கிவிட்டார். இருபது மீட்டர் இருந்தது, இன்று பன்னிரண்டு. படகின் மேல் அந்த உயரமான இரும்பு வளைவு எதற்கு என்று இன்றுதான் கேட்டேன். கயிறு அதன் உச்சியில் கட்டப்பட்டிருப்பதால் முன்னால் மட்டுமல்லாமல் சற்று மேல்நோக்கியும் இழுக்கும். கயிறு குட்டையானால் மேல்நோக்கிய இழுப்பு அதிகமாகும். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டு முறை பிட்டம் தண்ணீரை விட்டுக் கிளம்பியது. நோட்டில் அதற்கு ஒரு நட்சத்திரம்.

போட்டிருப்பேன். நான்காம் பக்கத்தில் போடாமல், விண்ணப்பம் வாங்கிய அந்தப் பெண் வாங்கியிருக்கவே மாட்டாள். ஆனால் அவள் புரட்டிப் பார்த்தாளா?

மே 17, சனி

நின்றேன்.

சரியாகச் சொன்னால், நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். மல்லாந்து மிதந்துகொண்டு அந்தப் பெண்ணின் கைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ரப்பர் உறை மாட்டிய விரலால் காகிதங்களைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைத் தள்ளினாளா? சின்னவள் விரலை உயர்த்தியிருக்கிறாள், நான் தலையாட்டியிருக்கிறேன். நான்காவதன் அடியில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் நீல மை, என் பெயரின் கடைசி எழுத்து வெளியே இழுத்துக்கொண்டு... ஆம், போட்டேன், கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டதே என்று மன்னிப்புக் கூடக் கேட்டேன்.

அப்போது பார்த்தால் முழங்கால்களுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் வேறாக இருந்தது. இத்தனை நாளும் காதில் விழுந்தது பிளிறல்; இது யாரோ நீளமாகத் துணி கிழிப்பது போல. குந்திய நிலையிலேயே இருந்தேன். வலது கால் தானாகப் படகை நோக்கித் திரும்பியது. கைகள் நீண்டிருந்தன. மெல்ல நிமிர்ந்தேன். படகில் சின்னவள் நோட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு என்னவோ கத்தினாள்.

பிறகு, நிற்கிறேனே, எதன்மேல் நிற்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். அதோடு முடிந்தது.

பதினோரு நொடி என்கிறாள். அத்தான் எட்டு என்றார். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

நோட்டு: கீழே பார்த்தார்கள். மரியாதை விகுதி முதல் முறையாக.

மே 18, ஞாயிறு

காற்று. ஏரி முழுக்க நுரை. படகு எடுக்கவில்லை. நாள் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நேற்று நின்றது கைதவறி நடந்த ஒன்று, இனிமேல் வராது. "என்னடி, குழந்தை மாதிரி" என்றாள் அக்கா. குழந்தைகள் சுலபமாக எழுந்துவிடுகிறார்கள் அக்கா, எடை குறைவு.

மே 20, செவ்வாய்

வேலை நாள் 12. ஆறில் நான்கு. வரும். வந்துவிட்டது.

வந்ததும் அதற்கு மதிப்புப் போய்விட்டது, அதுதான் எரிச்சல். எழுவதைச் சின்னவள் இப்போது எழுதுவதே இல்லை. படகின் அலையைத் தாண்டுவது எப்போது என்று கேட்கிறாள். படகுக்குப் பின்னால் இருபுறமும் வரப்பு மாதிரி அலை எழும்பி வருகிறது. நான் நடுவில், வழவழப்பான பாத்தியில் நிற்கிறேன். பாரத்தைக் குதிகாலுக்கு மாற்றினால் ஒரு பக்கம் நகரும், விரல்களுக்கு மாற்றினால் மறுபக்கம். குதிகால் பக்கம் ஒரு முறை போனேன். வரப்பு நெருங்க நெருங்கப் பயந்து பலகையைத் தட்டையாக்கிவிட்டேன்; எதிர்ப்பக்க விளிம்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டது. இந்த விழுகை வேறு ஜாதி. முன்னறிவிப்பே கிடையாது. நின்றுகொண்டிருந்தேன், அடுத்து முகத்தில் ஒரு அறை. நடுவில் எதுவும் நடந்த நினைவில்லை.

கையை உயர்த்தினேன். முதல் வேலையாக.

மே 21, புதன்

13. தொலைபேசியைப் படகுக்கு எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோதும் ஒன்றும் இல்லை.

மே 22, வியாழன்

வேலை நாள் 14. ஐந்தில் ஐந்து. கயிற்றை நாளை பதினைந்து மீட்டராக்கலாம் என்கிறார் அத்தான். வரப்பின் மேல் ஏறினேன், தாண்டவில்லை, உச்சியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இடது பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் திருகு ஒன்று தளர்ந்திருக்கிறது. காலையில் படகு கிளம்புவதற்கு முன் முடுக்க வேண்டும்.