கால்வாய் உறையும் ஊரில்

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதல் குளிர்காலத்திலேயே ஐஸில் இறங்கிவிடுங்கள். கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாம் வாங்கத்தான் வேண்டும், அவை இல்லாமல் முடியாது. ஆனால் நவம்பரில் தொடங்கி மார்ச்சையும் தாண்டும் ஒரு பருவத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டே கழித்தால் மனசு சோர்ந்துபோகும். வெளியே போக ஒரு காரணம் வேண்டும். எனக்கு அந்தக் காரணம் ஸ்கேட்டிங்.

நான் இங்கே வருவதற்கு முன்பே சக்கரத்தில் ஓடியவள். அண்ணனுக்கு வாங்கிய ரோலர் ஸ்கேட் அவனுக்கு அலுத்துப்போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. போட்டிருக்கும் ஷூவோடு சேர்த்து வார் போட்டு இறுக்குகிற வகை. அடியில் ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் கால் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சக்கரங்கள். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், ஸ்கேட் தானாக அந்தப் பக்கம் வளையும். அந்த வளைவில்தான் எனக்கு மொத்தச் சந்தோஷமும் இருந்தது.

அந்த வசதி எளிதில் வந்துவிடவில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி வல்லுநர் சக்கரக் காலணி செய்து மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் ஓடி வந்தாராம். திருப்பவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதிக் காயப்பட்டார் என்கிறது கதை. நூறு வருடம் கழித்து, 1863இல், அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்டன் சக்கர அச்சுக்கும் பாதப் பலகைக்கும் இடையில் ரப்பர் வைத்தார். அதற்குப் பிறகுதான் சாய்ந்தால் திரும்புகிற ஸ்கேட் உலகத்துக்குக் கிடைத்தது. நான் பத்து வயதில் அனுபவித்தது அவருடைய கொடை.

அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம். ஸ்கேட் பரணுக்குப் போனது. 2000களின் தொடக்கத்தில் கணவரோடும் கைக்குழந்தையோடும் கனடா வந்தபோது அது என் நினைவிலேயே இல்லை.

நாங்கள் வந்து இறங்கியது ஜனவரியில். வீடு தேடி அலைந்த நாட்களில் பேருந்து ஒரு பாலத்தைக் கடந்தது. கீழே பார்த்தால், முதுகில் அலுவலகப் பையோடு ஒருவர் ஐஸில் சறுக்கிப் போகிறார். பின்னால் இன்னொருவர். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஒரு பெண். அது விளையாட்டுத் திடல் இல்லை, ஒரு சாலை. ஜனங்கள் அதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! என் கால் விரல்கள் பூட்ஸுக்குள் அசைந்தன. இத்தனை வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

அதுதான் ரிடோ கால்வாய். கர்னல் ஜான் பை தலைமையில் 1826 முதல் 1832 வரை வெட்டியது. இங்கிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் நாடாளுமன்றக் குன்றின் அருகிலிருந்து ஹார்ட்வெல்ஸ் மதகுவரை 7.8 கிலோமீட்டர் நீளம் குளிர்காலத்தில் ஸ்கேட்டிங் பாதையாகிறது. இலையுதிர் காலத்திலேயே தண்ணீர் மட்டத்தை இறக்கிவிடுவார்கள். ஐஸ் கட்டத் தொடங்கியதும், விழும் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பனி மேலே கிடந்தால் குளிர் உள்ளே இறங்காது, ஐஸ் தடிக்காது. தடிமன் 30 சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் மக்களை விடுவார்கள். இரவில் துளை போட்டு, கால்வாய்த் தண்ணீரையே மேலே இறைத்துப் பரப்புவார்கள். காலையில் புது மேற்பரப்பு தயார். பச்சைக் கொடி என்றால் போகலாம், சிவப்புக் கொடி என்றால் கூடாது. நுழைவுக் கட்டணம் கிடையாது. புதிதாக வந்து, ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம்.

1970களின் தொடக்கத்தில், தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவர் டக்ளஸ் ஃபுல்லர்டன் முன்கை எடுத்து இதைத் தொடங்கியபோது, மண்வெட்டியும் துடைப்பமும் வைத்துத்தான் ஒரு சின்னப் பகுதியைச் சுத்தம் செய்தார்களாம். ஒரு ஊர் தன் குளிரை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து இப்படி ஒன்றைச் செய்திருக்கிறதே என்று இன்றைக்கும் எனக்கு மதிப்பாக இருக்கிறது.

ஆனால் நான் முதன்முதலில் ஐஸில் கால் வைத்தது கால்வாயில் இல்லை, எங்கள் குடியிருப்புப் பூங்காவில் இருந்த சின்ன ரிங்க்கில், அதாவது தண்ணீர் விட்டு உறையவைத்த ஸ்கேட்டிங் திடலில். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், எண்பதுகளில் வந்து சேர்ந்தவர். அவர்கள் வீட்டில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிட, நானும் அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர்தான் தன் மகளின் பழைய ஸ்கேட்டைக் கொடுத்து, கூடவே வந்து நின்றார். "தங்கச்சி, காலைப் பாக்காதையும். முன்னுக்குப் பாரும். முழங்காலை மடக்கும்." விழும்போது என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்தார். "கையை மட்டும் ஊண்டாதையும். பக்கவாட்டிலே, இடுப்பிலே விழும். விரலை மடக்கி வையும்." கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். விரலை விரித்து வைத்தால் பின்னால் வருபவரின் ஸ்கேட் பிளேடு ஏறும். எழுந்திருக்க முதலில் மண்டியிட்டு, பிறகு ஒரு காலை ஊன்றி, அந்த முழங்காலில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும். நான் இன்றைக்குப் பிறருக்குச் சொல்லித்தருவதும் இதே வரிசைதான்.

சக்கரத்தில் கற்றதில் பாதி அப்படியே கைகொடுத்தது. பக்கவாட்டில் உந்துவது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, வளைவில் பயப்படாமல் சாய்வது, எல்லாம் இருந்தன. மீதிப் பாதிதான் சிக்கல். நான்கு சக்கர ஸ்கேட்டில் முன்னால் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. நிறுத்த நினைத்தால் கால் தானாக அதைத் தேடும். ஐஸில் நடனம்போல் ஆடுபவர்கள் போடும் ஃபிகர் ஸ்கேட்டில் அதே இடத்தில் இருப்பது பல். அதில் எடையைப் போட்டால் ஐஸைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், ஆள் முன்னால் போய் விழுவார். ஐஸில் நிற்பதற்கு வழி வேறு. முதலில் இரண்டு குதிகால்களையும் வெளியே தள்ளி, பனியைச் சுரண்டி நிற்பது. பழகிய பிறகு உடம்பைத் திருப்பி, பிளேடைப் பாதைக்குக் குறுக்கே போடுவது. சக்கரம் குறுக்கே வழுக்காது, பிளேடு வழுக்கும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

பிளேடைக் கவனித்துப் பார்த்தீர்களானால் அது கத்தி மாதிரி ஒற்றைக் கூராக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்பு. உள்விளிம்பில் நிற்கிறோமா, வெளிவிளிம்பில் நிற்கிறோமா என்பதுதான் முழு வித்தையும். கடையில் வாங்கும் புது ஸ்கேட் பெரும்பாலும் தீட்டாமலே வரும், தீட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அளவு பெரும்பாலும் சாதாரண ஷூவைவிடச் சற்றுச் சிறியதாக வரும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், நம்மவர்கள் அநேகம் பேர் இதில்தான் சிரமப்படுகிறார்கள்: குளிருக்குப் பயந்து கம்பளிக் காலுறையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே இடம் இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் முன்னைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். பிடியும் தளரும். மெல்லிய காலுறை ஒன்று போதும். நாடாவை விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். குழந்தைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், ஐஸ் ஹாக்கி ஹெல்மெட் வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெட் ஒரே ஒரு பெரிய அடிக்காகச் செய்தது. ஐஸிலோ குழந்தை விழுந்துகொண்டேதான் இருக்கும், பின்பக்கமாகவும் விழும்.

அந்தப் பூங்கா ரிங்க் மாநகராட்சி ஆட்கள் போடுவது என்று நினைத்திருந்தேன். போடுவது அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒட்டாவாவில் இப்படித் தன்னார்வலர்கள் பராமரிக்கும் ரிங்க்குகள் பல உண்டு, நகராட்சி உதவி செய்யும். ராத்திரி, நன்றாகக் குளிர் இறங்கிய பிறகு, குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாகத் தண்ணீர் விட வேண்டும். அது உறைந்த பிறகு அடுத்த படலம். அவசரப்பட்டு மொத்தமாக விட்டால் மேலே ஓடு கட்டி உள்ளே காற்று நிற்கும், மிதித்தால் உடையும். என் கணவருக்கு ஐஸில் நிற்க ஆசை இல்லை. ஆனால் இந்த ராத்திரி வேலை அவருக்குப் பிடித்துப்போனது. அண்ணையோடும், இத்தாலியப் பெரியவர் ஒருவரோடும், ஆளுக்கொரு ஃபிளாஸ்கில் டீயோடு நின்று தண்ணீர் விடுவார். அலுவலகத்தில் கிடைக்காத நட்பு அவருக்கு அங்கே கிடைத்தது. வேலை போய்க் கஷ்டப்பட்ட ஒரு குளிர்காலத்தில், அடுத்த வேலைக்கு வழி காட்டியவரும் அந்தக் குழாய்க் கூட்டத்தில் ஒருவர்தான்.

கால்வாயில் முதன்முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போன நாள் காற்று முகத்தில் அறைந்தது. பிரிட்டோரியா பாலத்தைத் தாண்டி, பேங்க் தெருப் பாலத்தின் அடியில் போய், டௌஸ் ஏரியின் அகலத்துக்குள் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. இது எந்த ஊர் என்று ஒரு வருடம் முன்னால் தெரியாது. இப்போது அதன் நடுவில் என் காலாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். இயற்கையான ஐஸ் ஒரே சீராக இருக்காது, விரிசல் இருக்கும், மேடு தட்டும். மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போனால் ஐஸ் உலர்ந்து பிளேடு இழுக்கும். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வேகமாக ஓடும். பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை அளவுக்கு இறுகக் கட்டுண்டிருப்பதில்லை, அதனால்தான் வழுக்குகிறது என்கிறார்கள். குளிர் அதிகமாக ஆக அவையும் இறுகிக்கொள்கின்றன. நம் எடை அழுத்தி உருக்குகிறது என்ற பழைய விளக்கம் மட்டும் இதற்குப் போதாது.

கோடையில் மறுபடி சக்கரத்துக்குப் போனேன். இப்போது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட். 1980வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்காட், பிரெனன் ஓல்சன் என்ற ஹாக்கி ஆடும் சகோதரர்கள், ஐஸ் இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்வதற்காகத்தான் அதை மெருகேற்றிப் பரப்பினார்கள். எனவே ஐஸ் பழகிய காலுக்கு அது அந்நியமாகத் தெரியாது. கோடை ஞாயிறுகளில் கால்வாயை ஒட்டிய கர்னல் பை சாலையைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள். ஜனவரியில் எந்தத் தண்ணீரின் மேலே போனேனோ, ஜூலையில் அதே தண்ணீரில் படகு போக, கரையில் நான் அதோடு கூடவே ஓடுவேன். அந்தச் சாலையில் ஓடுவது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

மகளுக்கு இதெல்லாம் சாதனையாகத் தோன்றாது. அவள் நடக்கப் பழகிய கையோடு ஐஸுக்கு வந்தவள், பள்ளியில் ஹாக்கி ஆடினாள். பெண்களுக்கான அதிகாரபூர்வமான முதல் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி 1990இல் இதே ஒட்டாவாவில் நடந்தது, கனடா அணி இளஞ்சிவப்புச் சட்டை போட்டு ஆடி ஜெயித்தது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் ஊர்க் கதையை அவள் வாயால் கேட்பது எனக்குப் பெருமை.

2023 குளிர்காலத்தில் கால்வாய் திறக்கவே இல்லை. தொடங்கிய காலத்திலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஐஸ் போதிய தடிமன் கட்டவில்லை, நாளைக்கு, நாளன்றைக்கு என்று காத்திருந்து பிப்ரவரியும் போனது. பிறந்த மண் இல்லாத ஓர் இடத்துக்காக இவ்வளவு துக்கப்பட முடியும் என்று நான் நினைத்ததில்லை. அடுத்த வருடமும் சொற்ப நாட்கள்தான். 2025 ஜனவரியில் திறந்து மார்ச்வரை நீடித்தபோது ஊரே ஐஸுக்கு இறங்கி வந்தது. ஆனாலும் இனி ஒவ்வொரு வருடமும் கிடைக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. நகர மன்றத்து முன்னால் இருக்கும் குளிரூட்டிய ரிங்க் எப்போதும் இருக்கும், சரிதான். அதில் சுற்றிச் சுற்றி வரலாம். கால்வாயில்தான் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடியும்.

எனக்கு இப்போது முழங்கால் வலி உண்டு. குறுக்கே வெட்டி நிற்பதை விட்டுவிட்டேன், வேகத்தையும் குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலைகளில் பூங்கா ரிங்க்கில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு பெரியம்மா வந்தார், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர், புடவைக்கு மேலே பெரிய கோட்டு. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், "எனக்கும் ஒண்ணு மாட்டிவிடு பாப்பா" என்றார். மகன் தடுத்தார். நான் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகச் சொல்லி, ஹெல்மெட் மாட்டி, உலோகச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன். அரை ரிங்க் போனார். திரும்பி வந்து, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.