மெயில் வருது, போகத்தான் மாட்டேங்குது

புது ஐபோனில் ஜிமெயில் கணக்கைச் சேர்ப்பதெல்லாம் இரண்டு நிமிட வேலை. என் உயிரை வாங்கியது ஆபீஸ் மெயில்தான். சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் இருக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் கம்பெனி பெயரே வரும் சொந்த டொமைன், மெயிலை வைத்து நடத்த மலிவான ஹோஸ்டிங். ‘அதர்’ என்பதைத் தட்டி, சர்வர் பெயரெல்லாம் கையால்தான் போட வேண்டும்.

போட்டேன். இன்பாக்ஸ் மளமளவென்று நிரம்பியது. பதில் அனுப்பினால் மட்டும் அவுட்பாக்ஸை விட்டு நகரவில்லை. அதிலும் ஒரு கூத்து: பக்கத்து மேசைக்கு அனுப்பினால் போகிறது, வாடிக்கையாளருக்கு அனுப்பினால் ரிலே (வெளியே கடத்திவிட) அனுமதி இல்லை என்று வருகிறது.

ஹோஸ்டிங் ஹெல்ப்லைனில் கேட்டால், டேட்டா லைன் கோளாறு, டெல்கோவிடம், அதாவது போன் லைன் கொடுக்கும் கம்பெனியிடம் கேளுங்கள் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தை விட்டு, பாய லேபாரில் டெல்கோ கடைக்குப் போய் கியூ நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை. “அது மெயில் கம்பெனி வேலை” என்று அடுத்த நம்பரை அழுத்திவிட்டார். லைன் கோளாறு என்றால் பக்கத்து மேசைக்கு மட்டும் எப்படிப் போகும்? இதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

கடைசியில் ஆபீஸில் கணினி பார்க்கும் தம்பிதான் கண்டுபிடித்தார். “அவுட்கோயிங் சர்வருக்குக் கீழே யூசர்நேம், பாஸ்வேர்டு கட்டத்துல சாம்பல் எழுத்துல ‘ஆப்ஷனல்’னு இருக்குல்லண்ணே? அதை நம்பாதீங்க, நிரப்புங்க.” இன்கமிங்குக்குக் கொடுத்ததையே மறுபடி அடித்தேன். தேங்கிக் கிடந்ததெல்லாம் சர்ரென்று பறந்தது! சொந்த டொமைனுக்கு வரும் மெயிலை சர்வர் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். வெளியே அனுப்ப மட்டும் ஆள் யாரென்று கேட்கும். இல்லாவிட்டால் ஸ்பாம்காரர்கள் புகுந்துவிடுவார்களே.

அப்புறம், மெயிலை இறக்கும் முறையில் பாப் (POP) வேண்டாம், ஐமேப் (IMAP) எடுங்கள். போனில் படித்தது, அழித்தது எல்லாம் கணினியிலும் அப்படியே தெரியும். போர்ட் என்று ஒரு எண் கேட்டால், ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587.

ஜிமெயிலுக்குச் சொந்த ஊர் போன் நம்பரைக் கொடுத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனம். ரீசார்ஜ் செய்யாத சிம்முக்கு ஓடிபி வராது. பழைய போனை அழிப்பதற்கு முன்பே இங்குள்ள நம்பரைச் சேர்த்துவிடுங்கள். ஓடிபி வராதபோது உள்ளே போக கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் தாளில் எழுதி வையுங்கள். என் மைத்துனர் பழைய போனைக் கடையில் டிரேட்-இன் (மாற்று) கொடுத்த பிறகுதான் ஊர் சிம் செத்துப்போனதைக் கவனித்தார். இன்னும் அவரால் உள்ளே போக முடியவில்லை.