ழகரத்தின் வால்

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில் ஊரில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் இருபது வருடம் கடைப் பலகையும் கோயில் பலகையும் எழுதியவன் நான். கம்ப்யூட்டர் வேலையைக் கலை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வந்ததே இல்லை. எழுத்து அதற்குள்ளேயே இருக்கிறது, எடுத்து ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வருடம் தைப்பூசக் காவடிக்குப் பேனர் செய்யக் கோயிலிலிருந்து வந்தார்கள். வடிவமைப்பு செய்யும் பெண் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மொரீஷியஸில் எங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழிதான். தலைப்பைத் தட்டியதும் ‘கோயில்’ உடைந்தது. இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விட்டது. இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றிச் சரிசெய்தாள். அதோடு விட்டிருக்கலாம். “தோந்தோன் (மாமா), இந்த எழுத்து கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்காது” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தானே வரைய உட்கார்ந்தாள்.

‘விழா’வில் வரும் ழகரத்தின் வால்தான் ஒரு நாள் முழுவதையும் தின்றது. திரையில் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு கைப்பிடிகள் நீளும். அவற்றின் நீளமும் சாய்வும்தான் கோட்டை வளைக்கும். முதலில் ஒன்பது புள்ளி வைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் வளைவு அங்கங்கே நொடித்தது. அழித்தாள். மறுபடி வைத்தாள். சாயங்காலம் நாலே புள்ளியில் வால் வழுக்கிக்கொண்டு இறங்கிச் சுழித்து நின்றது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் “கை நிற்கக் கூடாது, ஒரே இழுப்பு” என்பார். பாதியில் தயங்கினால் பெயின்ட் முடிச்சு விழும். அவள் அழித்த புள்ளிகள் அந்த முடிச்சுகள்தான்.

அந்த வளைவுக்குப் பெசியே வளைவு என்று பெயர். பியேர் பெசியே 1960களில் ரெனோ நிறுவனத்தில் கார் உடலின் வளைவுகளை வரைய இதைக் கையாண்ட பொறியாளர். தகட்டுக்கு வந்த கணக்கு தமிழுக்கு இவ்வளவு இசைகிறதென்றால் ஆச்சரியமில்லை; நம் எழுத்தில் நேர்கோடு எத்தனை இருக்கிறது?

இந்தத் தீவில் தமிழ் எழுத்தை வாசிப்பவர்களைவிடப் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். 1998இல் வந்த புது ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனபோது எதிர்ப்பு கிளம்பியது. அந்த நோட்டுகளை விலக்கிக்கொண்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். எழுத்து நிற்கும் இடத்தை அப்படிக் கவனிக்கிற கண்களுக்கு முன்னால்தான் அந்த வால் தொங்கப்போகிறது. ஒரு நாள் செலவழித்தது வீணே இல்லை.

அப்புறம் இரண்டு பேருமாக முழு எழுத்து வரிசையையும் வரையத் தொடங்கினோம். நான் தூரிகையால் தாளில் எழுதித் தருவேன், அவள் புள்ளி வைப்பாள். ஆகார வரிசைக்குத் துணைக்கால் ஒன்றை வரைந்தால் எல்லாவற்றுக்கும் போதும். உகரமும் ஊகாரமும் அப்படி இல்லை. கு ஒரு மாதிரி, து வேறு மாதிரி, டு இன்னொரு மாதிரி. ஊகாரத்தில் இன்னும் பதினொரு எழுத்து பாக்கி. நேற்று ‘மூ’வை மூன்றாவது முறையாக அழித்தோம்.