கிராசிங்குக்காக நிற்கும் வண்டியில்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமே கொண்டது; ஆனால் அது ஒற்றைப் பாதை என்பதால், எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வரும்போது அவற்றில் ஒன்று ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட்டே ஆக வேண்டும். வண்டி ஏன் நிற்கிறது என்று யாரேனும் கேட்டால், "கிராசிங்" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கேட்டவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துவிடுவார். நிற்கும் நேரம் இதனால் ஒரு நிமிடமும் குறைவதில்லை. காரணம் தெரிந்ததுமே பாதி எரிச்சல் போய்விடுகிறது என்பதை நான் அந்தப் பாதையில்தான் கவனித்தேன்.

மீதிப் பாதியைப் போக்குவதற்கு, நடப்பதைக் கவனிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நம் வண்டி வேகம் குறைந்து, தண்டவாளம் பிரியும் இடத்தில் சற்றே ஆடி, நிலையத்தின் பக்கப் பாதையான லூப் லைனுக்குள் ஒதுங்குகிறது. அடுத்த நிலையத்திலிருந்து எதிர்வண்டி கிளம்பிவிட்டதென்றால், அது இங்கே வந்து சேரும்வரை நம் வண்டிக்கு முன்னே செல்ல அனுமதி கிடைக்காது. முன்பெல்லாம் இந்த அனுமதி, பிரம்பு வளையத்தோடு கூடிய பைக்குள் வைத்து ஓட்டுநரிடம் தரப்படும் ஓர் உலோக உருண்டையாக இருந்தது. இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஓர் உருண்டையை மட்டுமே நிலையங்களில் உள்ள கருவியிலிருந்து எடுக்க முடியும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். இதை அறிந்தபின், வெறுமனே நிற்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வருவதில்லை. எதிர்வண்டி எங்கே வருகிறது என்று செல்போனில் நொடிக்கொரு தரம் பார்ப்பவர்களுக்குத்தான் நேரம் நகர மறுக்கிறது. (வேர்க்கடலை வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.)

ஆனால் எல்லாக் காத்திருப்பையும் பொறுமை என்ற ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17 அன்று இரவு, பெருவெள்ளத்தில் இதே பாதையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நிறுத்தப்பட்டு, நூற்றுக்கணக்கான பயணிகள் 19ஆம் தேதி மீட்கப்படும்வரை சிக்கிக்கிடந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சோறும் குடிநீரும். பக்கத்துக் கிராமத்து மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். அத்தகைய நிலையில் இருப்பவர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

அன்றாடக் கிராசிங்கில் பொறுமை உண்மையாகவே சோதிக்கப்படுவது எதிர்வண்டி வந்து சேர்ந்த பிறகுதான். அது வந்தவுடனே நாம் கிளம்பிவிடுவோம் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் நம் வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றி அமைத்து, அடுத்த நிலையத்தின் அனுமதியும் கிடைத்த பின்னரே சிக்னல் விழும். அதுவரை அரை மணி நேரம் அமைதியாக இருந்தவர்கள்கூட, அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.